மங்கிய வலது கண்: காரணம் மருந்தல்ல

மல்டிபிள் ஸ்கிலிரோசிஸுக்கு (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) மருத்துவ ஆய்வொன்றில் சோதனை மருந்து தொடங்கிய சில வாரங்களில் என் வலது கண் அடிக்கடி மங்கியது. சிவப்பு வெளிறித் தெரிந்தது. முதல் சந்தேகம் மருந்தின்மேல். ரத்தப் பரிசோதனை சரி, எம்ஆர்ஐயில் புதிய தழும்பு இல்லை. கண்ணாடியை மாற்றியதும் வீண்செலவு.

துப்பு கிடைத்தது அறிகுறிக் குறிப்பேட்டில். நேரத்தோடு 'அதற்குமுன் என்ன செய்தேன்' என்றும் எழுதியபோது இரண்டுதான் திரும்பத் திரும்ப வந்தன: சிங்கப்பூர் தேக்காவில் வெயில் நடை, வெந்நீர்க் குளியல். ஏர்கான் ஓடும் எம்ஆர்டி ரயிலில் சற்று உட்கார்ந்தால் பார்வை தெளிந்துவிடும். 1890இல் பதிவான ஊட்ஹாஃப் விளைவு இது. மையலின் என்ற பாதுகாப்பு உறை சிதைந்த நரம்பில், உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே நரம்புச் சமிக்ஞை தடைபடலாம். நோயின் புதிய தாக்குதல் என்றால் காய்ச்சலோ தொற்றோ இல்லாமலே 24 மணி நேரமாவது நீடிக்கும்.

இப்போது கிளம்புமுன் துணியில் சுற்றிய ஐஸ் பையைக் கழுத்தில் வைத்து, குளிர்ந்த நீர் குடிக்கிறேன். வெந்நீருக்குப் பதில் மிதமான நீர். கையடக்க மின்விசிறி மட்டும் போதாது; நம்மூர் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலராது. மங்கல் குறைந்தது, பெரிய நிம்மதி. ஆய்வுத் தாதியிடம் கொடுக்கும் பதிவில் 'வெயிலுக்குப் பின்' என்று சேர்த்து எழுதுகிறேன். மருந்து தொடர்கிறது.