மாத்திரைக்குள் இருக்கும் லாக்டோஸும் என் 2 நொடி அவசரமும்

திண்ம என்எம்ஆரில் (மாதிரியைக் கரைக்காமல் காந்தத்துக்குள் சுழற்றி, அதன் அணுக்கள் தரும் சிக்னலைப் பார்க்கும் முறை) மாத்திரையின் துணைப்பொருட்களை, அதாவது மருந்தோடு சேர்க்கும் லாக்டோஸ் போன்றவற்றை, அளக்கப் புதிதாக வந்த பையன் போன வாரம் ஒரு ஸ்பெக்ட்ரத்தை நீட்டினான். "லாக்டோஸ் பாதிக்கு மேல் படிகமற்றதாக மாறிடுச்சு சார்." சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. இதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் அறிக்கையில் எழுதி அனுப்பியவன்தான். ரோட்டரை (மாதிரியைப் போட்டுச் சுழற்றும் சிறு குழாய்) சரியாக நிரப்பாதது, மூடியை அழுத்தாதது எல்லாம் மெஷினே முதல் நாளில் சொல்லிக்கொடுத்துவிடும், அதை விடுங்கள்.

காத்திருக்காமல் அளப்பது

ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் நடுவே விடும் நேரத்தை, யாரோ வைத்துவிட்டுப் போன 2 நொடியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆல்ஃபா லாக்டோஸ் மோனோஹைட்ரேட்டின் நல்ல படிகத்தில் புரோட்டான் டி1, அதாவது ஒரு ஸ்கேனுக்குப் பிறகு புரோட்டான் சிக்னல் எவ்வளவு மெதுவாக மீள்கிறது என்பதைச் சொல்லும் நேரம், சில நிமிடங்கள் வரை போகும். படிகமற்ற லாக்டோஸில் சில நொடிதான். டி1 200 நொடி உள்ள பகுதி 2 நொடியில் மீட்பது ஏறத்தாழ 1 சதவீத சிக்னல், டி1 2 நொடி உள்ள பகுதி மீட்பதோ 63 சதவீதம். அதாவது மாதிரியில் வெறும் 2 சதவீதம் படிகமற்றதாக இருந்தாலே ஸ்பெக்ட்ரத்தில் பாதிக்கு மேல் அதுதான் தெரியும்!

நான் அதை நம்பினேன். இரண்டு இரவு மெஷின் நேரம், அறிக்கை, கூட்டம் எல்லாம் முடிந்த பிறகு, பவுடர் எக்ஸ்-ரே எடுத்தவர் படிகத்துக்கே உரிய கூர்மையான பீக்குகளைக் காட்டி, "இதெல்லாம் உங்க படத்துல எங்கே போச்சு?" என்று கேட்டார். இன்றும் நினைத்தால் காது சுடுகிறது.

சரி, கட்டுரையில் போட்டிருக்கும் டி1-ஐ எடுத்துக்கொள்ளலாமே என்று அடுத்த முறை அதையும் செய்தேன், அதுவும் உதவவில்லை. அரைத்தாலும் அழுத்தினாலும் படிகத்தில் குறைகள் விழுந்து டி1 இறங்கிவிடும், டப்பாவில் இருக்கும் லாக்டோஸும் மாத்திரைக்குள் இருப்பதும் ஒன்றல்ல. உங்கள் மாதிரியிலேயே, லாக்டோஸ் பீக்கிலேயே அளந்துவிடுங்கள். முறைப்படி டி1-ன் (200 நொடி) 5 மடங்கு காத்திருந்தால் ஸ்கேனுக்கு 1000 நொடி, 256 ஸ்கேனுக்கு மூன்று நாள், அவ்வளவு நேரம் யார் தருவார்கள்? 1.25 மடங்கு மட்டும் காத்திருந்து, மீளாத பங்கை டி1-ஐக் கொண்டு கணக்கில் திருத்துங்கள்; ஒரு நாளுக்குள் முடியும்.

கல்வத்தில் மாவாக்குவது

வேண்டாம். மெல்ல உடைத்தால் போதும்.

கலர் பூச்சு

சுரண்டிவிடுங்கள். சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, காந்தத்துக்குள் அது சிக்னலைக் கெடுக்கும்.

போலிப் பீக்

400 மெகாஹெர்ட்ஸ் காந்தத்தில் 5 கிலோஹெர்ட்ஸில் சுழற்றினால், கார்பன் ஸ்பெக்ட்ரத்தில் ஒவ்வொரு பீக்குக்கும் 50 பிபிஎம் (ஸ்பெக்ட்ரத்தில் பீக்கின் இடத்தைச் சொல்லும் அலகு) தள்ளி, சுழற்சியால் வரும் நிழல்கள் விழும். மாத்திரையை ஒட்டிப்பிடிக்கச் சேர்க்கும் போவிடோனின் கார்போனைல் 175 அருகே இருக்கிறது, அதன் நிழல் 125-ல். அதை மருந்தின் அரோமேட்டிக் கார்பன் என்று எழுதிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு பேர். சுழலும் வேகத்தை மாற்றிப் பாருங்கள், நகர்ந்தால் நிழல்.

பீக் உயரத்தைப் பார்த்து சதவீதம் சொல்வது

கிராஸ் போலரைசேஷனில் (புரோட்டானின் சிக்னலைக் கார்பனுக்குக் கடத்தி அளக்கும் முறை) செய்யாதீர்கள், எல்லாக் கார்பனுக்கும் அது ஒரே அளவில் கடத்தாது. அப்புறம் செல்லுலோஸ், ஸ்டார்ச், லாக்டோஸ் மூன்றும் 60-லிருந்து 105-க்குள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கும். தனித்தனியாக எடுத்த ஸ்பெக்ட்ரம் கையில் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பையன் இப்போது டி1 அளந்துகொண்டிருக்கிறான். வியாழன் வரை மெஷின் காலியில்லை.