ஒன்றேகால் மணிக்கு மணியடித்த பிறகு: பிசிக்ஸ் விடைகளைப் பேசும்போது செய்யக்கூடாதவை

பிளஸ் டூ இயற்பியல் தேர்வு மதியம் ஒன்றேகாலுக்கு முடியும். ஒன்றரைக்குள் சேலம் அஸ்தம்பட்டியில் கரும்புச்சாறு வண்டி நிற்கும் நிழலெல்லாம் யூனிஃபார்மால் நிறைந்துவிடும். ஒருவன் வினாத்தாளை விசிறியாக்கி விசிறிக்கொண்டிருப்பான், இன்னொருவன் அதைப் பிடுங்கி ஒரு மார்க் கேள்விகளில் பென்சிலால் டிக் போடுவான். டியூஷன் எடுப்பவன் என்பதால் பல வருடமாக இந்தக் கூட்டத்தில் நானும் ஒரு டம்ளரோடு நிற்கிறேன். "பரீட்சை முடிஞ்சதும் விடையைப் பத்திப் பேசாதே, நேரா வீட்டுக்கு வா" என்று அப்பா அம்மாக்கள் சொல்வார்கள். யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கச் சொல்ல மாட்டேன். அந்த அரைமணி நேரத்தில் ஒரு பையன் கற்றுக்கொள்ளும் இயற்பியல் சில சமயம் ஒரு மாத வகுப்பை விட அதிகம். ஆனால் பேசும் விதத்தில் சில தவறுகள் வருடா வருடம் திரும்ப வருகின்றன.

முதலாவது, எண்ணை மட்டும் ஒப்பிடுவது. ஒரு வருடம் நடந்ததைச் சொல்கிறேன். 100 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் டி ப்ராய் அலைநீளம் என்ன என்பது கணக்கு. 12.27-ஐ வோல்ட்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் விடை ஆங்ஸ்ட்ராமில் வந்துவிடும். நான்கு பேர் நின்றார்கள். ஒருவன் 1.227 என்றான். அடுத்தவன் 0.1227 என்றான். மூன்றாமவன், "எனக்கும் 0.1227 தான் மச்சி!" என்று இரண்டாமவனின் கையில் அடித்தான். நான்காவது ஒரு பெண், 10-இன் அடுக்கு மைனஸ் 10 என்று ஏதோ வந்ததாகச் சொல்லிவிட்டு முகம் சுண்டிப்போய் ஒதுங்கி நின்றாள்.

ஒவ்வொருவரிடமும் அலகு என்ன போட்டாய் என்று கேட்டேன். முதல் பையன் ஆங்ஸ்ட்ராம். இரண்டாமவன் நானோமீட்டர். அந்தப் பெண் 1.227 பெருக்கல் 10⁻¹⁰ மீட்டர். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது 0.1 நானோமீட்டர், அதாவது 10⁻¹⁰ மீட்டர். எனவே மூன்றும் ஒரே நீளம்தான். மூன்றாம் பையன் மட்டும் ஆங்ஸ்ட்ராம் என்று போட்டிருந்தான். 100-க்கு வர்க்கமூலம் எடுக்க மறந்து 100-ஆலேயே வகுத்திருக்கிறான். கைதட்டிக் கொண்டாடிய ஜோடியில் ஒருவன் தப்பு. தோற்றுப்போனதாக நினைத்து ஒதுங்கியவள் சரி. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கரும்புச்சாறு வாங்கப் போய்விட்டாள், அது வேறு கதை. இயற்பியலில் "உனக்கு என்ன வந்தது" என்று கேட்டால் எண்ணையும் அலகையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தசமப் புள்ளிச் சண்டையும் இதே ரகம்தான். 1.23 எழுதியவனுக்கும் 1.227 எழுதியவனுக்கும் நடுவில் பகை தேவையில்லை. புவியீர்ப்பு முடுக்கத்தை ஒருவன் 9.8 என்றும் மற்றவன் 10 என்றும் எடுத்திருந்தால் விடையில் ஏறக்குறைய 2 விழுக்காடு வித்தியாசம் வரும். முறை ஒன்றுதான் என்றால் அதற்காக அழ வேண்டாம். வினாவிலேயே மதிப்பு கொடுத்திருந்தால் மட்டும் அதைத்தான் எடுத்திருக்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவன், "எங்க ஊர் மலை மேல இருக்கே, அங்கே இன்னும் குறையும்ல சார்?" என்றான். குறையும். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி 1500 மீட்டர் உயரத்துக்குப் போனாலும் குறைவது 0.05 விழுக்காடுகூட இல்லை. 9.8-க்கும் 10-க்கும் உள்ள தூரம் அதைப் போல நாற்பது மடங்கு.

அடுத்த தவறு, வினாத்தாள் பைக்குள் இருக்க, ஞாபகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவது. கதிரியக்கக் கணக்கில் நான்கு அரை ஆயுட்காலம் கழிந்த பின் என்று வரும். அரை ஆயுட்காலம் என்றால் இருப்பதில் பாதி சிதைய ஆகும் நேரம். ஒருவன் பதினாறில் ஒரு பங்கு என்பான், ஒருவன் பதினாறில் பதினைந்து என்பான். எஞ்சியிருப்பதைக் கேட்டால் முதலாமவன் சரி, சிதைந்ததைக் கேட்டால் இரண்டாமவன் சரி. ஒரு சொல்லைப் படித்தால் முடிகிற விஷயத்துக்குப் பேருந்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கும். குழப்பம் வந்தால் இரண்டையும் படித்துவிட்டுப் பேசுங்கள்.

கம்பிக் கேள்விக்கு இது இன்னும் பொருந்தும். ஒரு கம்பியை இருமடங்கு நீளத்துக்கு இழுத்தால் மின்தடை என்ன ஆகும்? பாதிப் பேர் இருமடங்கு என்பார்கள், மீதிப் பேர் நான்கு மடங்கு என்பார்கள். "ஃபார்முலாவில் நீளம் மேலே இருக்கு, அதான் ரெண்டு" என்று ஒரு தரப்பு சத்தம் போடும். ஒருமுறை இந்தச் சண்டையை முடித்துவைத்தது சூத்திரம் மனப்பாடம் செய்தவன் இல்லை. வீட்டில் கொலுசு வேலை செய்கிற ஒரு பையன். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கமெல்லாம் வெள்ளிக் கொலுசுதான் தொழில். அவன் சொன்னான்: "வெள்ளிக் கம்பியை இழுக்க இழுக்க நீளுது, கூடவே மெலிஞ்சிட்டே போகுதில்ல? எடை அதேதான். நீளம் ரெண்டு மடங்கு ஆனா தடிமன் எப்படி அப்படியே இருக்கும்?" கொள்ளளவு மாறாததால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகிறது. நீளம் கூடினாலும் மின்தடை கூடும், பரப்பு குறைந்தாலும் கூடும். நீளத்தால் ஒரு இரண்டு, பரப்பால் ஒரு இரண்டு, ஆக நான்கு மடங்கு. ஆனால் கேள்வி "அதே குறுக்குவெட்டுப் பரப்பும் இருமடங்கு நீளமும் கொண்ட வேறொரு கம்பி" என்று இருந்தால் விடை இரண்டுதான். எனவே "இழுத்து" என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்காமல் இந்த விவாதத்தில் இறங்கவே கூடாது.

ஓட்டெடுப்பு நடத்துவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். 220 வோல்ட்டில் எரிய வேண்டிய 60 வாட் பல்பும் 100 வாட் பல்பும் தொடரிணைப்பில். எது பிரகாசமாக எரியும்? கை தூக்கச் சொன்னால் 100 வாட்டுக்குத்தான் ஏழெட்டுக் கை எழும். 60 வாட் பல்பின் மின்தடை சுமார் 807 ஓம், 100 வாட் பல்புக்கு 484 ஓம். தொடரிணைப்பில் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம் என்பதால் தடை அதிகமுள்ள 60 வாட் பல்புதான் பிரகாசமாக எரியும். வீட்டில் ஒவ்வொரு பல்புக்கும் முழு வோல்ட்டேஜும் கிடைக்கும் பக்க இணைப்பில் பார்த்தே பழகிய கண் 100 வாட் என்று சொல்லச் சொல்கிறது, அவ்வளவுதான். இதே தவறின் இன்னொரு முகம், முதல் மதிப்பெண் வாங்குபவன் சொன்னதும் எல்லோரும் தங்கள் விடையை மனதுக்குள் அடித்துவிடுவது. அவனும் மூன்று மணி நேரம் எழுதிக் களைத்தவன்தான். "எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். வழியைச் சொல்லத் தெரியாவிட்டால் அந்த விடை அவனுக்கே சந்தேகம்.

அப்புறம், மதிப்பெண் கணக்கு. கடைசி எண் தப்பு என்று தெரிந்ததுமே "அஞ்சு மார்க் போச்சு" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 15, இரண்டு மதிப்பெண்ணில் ஆறு, மூன்று மதிப்பெண்ணில் ஆறு, ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து எழுத வேண்டும். பெரிய வினாக்களைத் திருத்தும்போது படம், சூத்திரம், படிகள் என்று பிரித்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். கடைசி வரியில் பெருக்கல் தவறினால் போவது அந்த வரிக்கான மதிப்பெண். ஒரு மதிப்பெண் பகுதியில் நிலைமை தலைகீழ். அங்கே பாதி என்பதே கிடையாது. அதோடு குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லியிருப்பார்கள். வெறும் (ஆ) என்று எழுதிவிட்டு வந்ததை மரத்தடியில்தான் சிலர் உணர்கிறார்கள். இனி அதற்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை, அடுத்த பாடத்தில் சரியாக எழுதுவதைத் தவிர.

"கேள்வியே தப்பு, எல்லாருக்கும் போனஸ் மார்க்" என்ற வதந்தி பழைய பஸ் ஸ்டாண்டில் கிளம்பி ஐந்து ரோடு வருவதற்குள் உறுதியான செய்தியாகிவிடும். அதை முடிவு செய்வது திருத்தும் மையத்துக்கு வரும் விடைக்குறிப்பு. வாட்ஸ்அப்பில் கையெழுத்தில் வரும் "கீ" யார் எழுதியது என்று தெரியாதவரை அதுவும் ஒரு கருத்துதான். நீட் எழுதிய பிறகு இதில் இன்னொரு வலையும் உண்டு. வினாத்தொகுப்புக் குறியீடு ஆளுக்கு ஆள் மாறும். "முப்பதாவதுக்கு என்ன போட்டே?" என்று கேட்டால் இரண்டு பேரும் இரண்டு வேறு கேள்விகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒரு தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் என்பதால் பதற்றமும் அதிகம்.

முடிவு வந்த பிறகு கரும்புச்சாறு வண்டி நியாயத்தை நம்பிப் பணம் கட்டுவதும் நடக்கிறது. "நான் போட்டுப் பார்த்தேன், 62 வரணும், 54 தான் வந்திருக்கு" என்று மறுகூட்டல் கேட்பார்கள். மறுகூட்டலில் போட்டிருக்கும் மதிப்பெண்களைத் திரும்பக் கூட்டுவார்கள், விடையைத் திரும்பப் படிக்க மாட்டார்கள். விடையையே மறுபடி மதிப்பிட வேண்டுமென்றால் மறுமதிப்பீடு. அதற்கு முதலில் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கொடுக்கும் நாட்களும் கொஞ்சம்தான். நகல் வந்ததும் ஒரு இயற்பியல் ஆசிரியரிடம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள். வினா எண் மாற்றி எழுதியிருப்பது, அலகு விட்டிருப்பது, லென்ஸ் கணக்கில் மைனஸ் குறியை விழுங்கியிருப்பது எல்லாம் உங்கள் கையெழுத்திலேயே அங்கே இருக்கும்.