கடை வாடகைக்கு வரி வந்தபோது நாங்கள் மனு கொடுத்த விதம்

கும்பகோணத்தில் சின்னப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டியில் சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டம், விற்பனையில் 1 சதவீதம் வரி. 2024 அக்டோபர் 10 முதல், கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவர் என்றால், பதிவு செய்த வாடகைதாரரே வாடகை மீது 18 சதவீதம் கட்ட வேண்டும் என்று வந்தது. என் வாடகை 15,000 ரூபாய். மாதம் 2,700 கூடுதல். மற்ற வியாபாரிகள் இதை உள்ளீட்டு வரியாக, தாங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் அதற்கு வழியில்லை. வருடம் 32,400 ரூபாய் கையை விட்டுப் போகும்.

இப்படி ஒன்று வந்தால், முடிவு யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தொழில் உரிமம், குப்பைக் கட்டணம் என்றால் மாநகராட்சி. வார்டு கவுன்சிலரிடம் போகலாம். கடை நேரம், வேலையாட்கள் பற்றிய மாநிலச் சட்டம் என்றால் எம்.எல்.ஏ. ஜிஎஸ்டி விகிதம் என்றால், ஒன்றிய, மாநில அமைச்சர்கள் சேர்ந்த ஜிஎஸ்டி கவுன்சில். ஒன்றிய நிதியமைச்சர் அதன் தலைவர். ஆனால் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு எடை மாநிலங்களுக்கு. அதனால் டெல்லிக்கு எழுதியதோடு நிற்காமல், சென்னையில் நம் நிதியமைச்சருக்கும் மனு போக வேண்டும்.

எங்கள் தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து எழுதிய முதல் மனுவில் ஒன்பது கோரிக்கைகள். எம்.பி. அலுவலகத்தில் அதை வாங்கிப் பார்த்த உதவியாளர், "இதுல முதல்ல எது வேணும்?" என்று கேட்டார். எங்களில் ஆளுக்கொரு பதில் சொன்னோம். அன்று ராத்திரியே உட்கார்ந்து திருத்தி எழுதினோம்.

ஒரே பக்கம். மேலே இந்த வரியைக் கொண்டுவந்த அரசு அறிவிக்கையின் எண்ணும் தேதியும். நடுவில் யாருக்கு என்ன பாதிப்பு என்று நாலு வரி. கீழே கேட்பது ஒன்றே ஒன்று: காம்போசிஷன் வணிகர்களுக்கு விலக்கு. 18 சதவீதத்தையே ஒழியுங்கள் என்று கேட்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அரசு கொடுக்கக்கூடியதைக் கேட்டால்தான் அதிகாரியும் நம் பக்கம் எழுத முடியும்.

மனுவோடு கணக்குத்தாள் ஒன்றை இணைத்தோம். எங்கள் தெருவில் பதினாறு கடைகளின் வாடகை, கூடுதல் வரி, தொழில் வகை மட்டும், பெயர் இல்லை. ஆடிட்டரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் வெளியே கொடுத்தோம். ஒரு எண் தப்பானாலும் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

எம்.பி.யைப் பார்க்க, நாடாளுமன்றம் நடக்காத நாளாகப் பார்த்து ஊரில் சந்தியுங்கள். ஐந்து பேர் போதும். ஒருவர் மட்டும் பேசட்டும். மெஸ் நடத்தும் அக்காவைத்தான் பேசச் சொன்னோம். தன் மாதக் கணக்கை அவர் சொன்ன அளவுக்கு எங்களால் சொல்லியிருக்க முடியாது. "அமைச்சருக்குக் கடிதம் எழுதி, ஒரு நகல் எங்களுக்குக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். கொடுக்கிற ஒவ்வொரு மனுவுக்கும் நகலில் கையெழுத்து, முத்திரை, தேதி வேண்டும். கவுன்சில் கூடும் நாளுக்குப் பல வாரம் முன்பே மனு சேர வேண்டும். அதிகாரிகளின் குழு முன்கூட்டியே ஆராய்ந்துவிடும்.

2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 55ஆவது கூட்டம் காம்போசிஷன் வணிகர்களுக்கு விலக்குப் பரிந்துரைத்தது. 2025 ஜனவரி 16இல் அறிவிக்கை வந்தது. எங்கள் தாளால் மட்டும் நடந்ததல்ல. பல ஊர் வணிகர்கள் இதையே கேட்டிருந்தார்கள். அடுத்த வாரம் எம்.பி. அலுவலகத்துக்கு நன்றிக் கடிதம் கொண்டுபோனோம். அந்த உதவியாளர் எங்களைப் பெயர் சொல்லி உட்காரச் சொன்னார்.