அட்வான்ஸுக்குப் பிறகு கேட்கும் பணம்: மனை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் அட்வான்ஸ் கொடுக்கும்போது எல்லோருமே உஷாராகத்தான் இருக்கிறோம். சொத்தின் மீது பதிவானதைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம், மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவோம், நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். இரண்டு மாதம் கழித்து புரோக்கரிடமிருந்து போன் வரும்: "சார், ஓனருக்கு அவசரமாம். இன்னும் அஞ்சு லட்சம் கேஷா குடுத்தா பத்திரத்தன்னைக்கு கழிச்சுக்கலாம்." அந்த ஐந்து லட்சம் துணிப்பையில் போகும், ரசீதுகூட இருக்காது. நான் பார்த்த வம்புகளில் பாதி இந்த இரண்டாவது பணத்தில் முளைத்தவை.

எங்கள் சித்தப்பா அப்படிக் கொடுத்த மூன்று லட்சத்துக்கு புரோக்கர் மட்டுமே சாட்சி. ஓனர் திடீரென்று காலமானார். "அப்பா எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றார்கள் மகன்கள். கொடுத்த அன்றே அக்ரிமெண்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதி, ஓனரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ரொக்கத்தில் இன்னொரு வம்பும் உண்டு. சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், வாங்கியவருக்கு. பேரம் முறிந்து அட்வான்ஸை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தாலும் இதே கதைதான், இந்த முறை திருப்பிக் கொடுத்தவருக்கு. அபராதம் அவருக்குத்தானே என்று நாம் நிம்மதியாக இருக்கவும் முடியாது. பெங்களூரு நிலம் ஒன்றுக்கு 75 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொன்ன வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது: இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்தேன் என்று யார் வழக்குப் போட்டாலும், நீதிமன்றமே வருமான வரித் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். பணத்தை மீட்கப் போனால், அது எங்கிருந்து வந்தது என்று நம்மைத்தான் கேட்பார்கள்.

"ரொக்கத்தைப் பத்திரத்தில் காட்டாவிட்டால் பத்திரச் செலவு மிச்சமாகுமே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது லட்சம் கொடுத்துவிட்டு இருபது லட்சத்துக்குப் பத்திரம் போட்டால், தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதத்தில் 90,000 ரூபாய் மிச்சம். சில வருடம் கழித்து விற்கும்போது அந்தப் பத்து லட்சம் நம் அடக்க விலையில் சேராது, லாபமாகிவிடும். 12.5 சதவீத வரி என்றால் 1,25,000 ரூபாய், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி தனி. இதில் மிச்சம் யாருக்கு?

கூடுதல் பணத்தை வங்கி வழியாகவே கொடுத்தாலும், கொடுக்கும் அன்று காலையில் புதிதாக ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அட்வான்ஸுக்கும் இதற்கும் நடுவில் ஓனர் நிலத்தை அடமானம் வைத்திருக்கலாம். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதியாத ஒப்பந்தம் வில்லங்கத்தில் தெரியாது. ஆகவே நம்முடையதைப் பதியாமல் விட்டால், அடுத்து வருபவருக்கு நாம் இருப்பதே தெரியாது. ஃபிளாட் என்றால், ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இடம் தரவில்லை.

நண்பர்கள் கூட்டாக நிலம் வாங்கும்போது நடப்பது வேறு. மூவர் சமமாகப் போடுவதாகப் பேச்சு, கடைசியில் ஒருவரிடம் பணம் புரளாது, இன்னொருவர் நகையை அடகு வைத்து ஈடுகட்டுவார். பத்திரத்தில் மூன்று பெயர் மட்டும் இருக்கும், பங்கு இருக்காது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரவர் போட்ட பணத்துக்கு ஏற்பப் பங்கு என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டம். யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால், எல்லோருக்கும் சமம் என்றே எடுத்துக்கொள்ளும். நகையை அடகு வைத்தவர் தன் பங்கைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லலாம், அல்லது அந்தத் தொகையை நண்பருக்குக் கொடுத்த கடனாக்கி, வங்கி வழியே அனுப்பி, புரோநோட்டு எழுதி வாங்கலாம். எதுவானாலும் பதிவுக்குப் போவதற்கு முன்பே.