ரெஸ்டா, கிராஃப்கியூஎலா, ஜிஆர்பிசியா? ஏபிஐ எழுதும் முன் முடிவு செய்வது எப்படி

எச்டிடிபி, ஜேசன் இரண்டும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தரவு கேட்கும் வழி. அதை அமைக்கும் மூன்று முறைகள் இவை: ரெஸ்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி; கிராஃப்கியூஎலில் வேண்டிய புலங்களை (தரவின் தனித்தனி விவரங்களை) அழைப்பவரே பட்டியலிட்டுக் கேட்பார்; ஜிஆர்பிசியில் இன்னொரு சர்வரில் உள்ள செயல்பாட்டை உள்ளூரில் இருப்பது போலவே அழைக்கலாம்.

படி 1: யார் அழைக்கப் போகிறார்கள்?
வெளி டெவலப்பர்கள் என்றால் ரெஸ்ட். கர்ல் (கட்டளை வரியிலிருந்து அழைப்பு அனுப்பும் கருவி) இருந்தால் போதும், உடனே சோதித்துப் பார்த்துவிடுவார்கள். உங்கள் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஜிஆர்பிசி. எதிர்த்தரப்பு டபிள்யூஎஸ்டிஎல் கோப்பை (சேவையை விவரிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு) நீட்டினால் யோசிக்க ஒன்றுமில்லை, எக்ஸ்எம்எல்லில் பேசும் பழைய முறையான சோப்தான்.

படி 2: ஒரு திரையை நிரப்ப எத்தனை அழைப்புகள்?
காகிதத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு மூன்று என்றால் ரெஸ்டிலேயே அந்தத் திரைக்கென்று ஒரு முகவரி திறந்துவிடலாம். மொபைலும் வெப்பும் ஒரே தரவை வெவ்வேறு அளவில் கேட்டு, அந்தத் தேவையும் அடிக்கடி மாறினால்தான் கிராஃப்கியூஎல் தன் உழைப்புக்கு ஈடு தரும்.

படி 3: பிழை எப்படி வரும்?
இங்கே நிதானமாகப் படியுங்கள். எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். ரெஸ்டில் பொருள் கிடைக்கவில்லை என்றால் 404, சர்வர் விழுந்தால் 500. கண்காணிப்புக் கருவிகள் இந்த எண்களைப் பார்த்துத்தான் மணி அடிக்கின்றன. கிராஃப்கியூஎலிலோ ஒரு புலத்தைக் கொண்டுவர முடியாமல் போனாலும் பெரும்பாலும் 200 என்றே பதில் வரும். உண்மை நிலவரம் உள்ளே 'எர்ரர்ஸ்' பட்டியலில் இருக்கும். பாதித் தரவு, பாதிப் பிழை என்றும் வரலாம். அதனால் வாடிக்கையாளருக்குத் திரை காலியாக இருக்கும், உங்கள் டாஷ்போர்டு பச்சையாகவே இருக்கும். கிராஃப்கியூஎலைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பட்டியலை எண்ணி எச்சரிக்கும் நிரலை முதல் நாளே எழுதிவிடுங்கள். அப்புறம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

படி 4: கேஷ் (வாங்கிய பதிலைச் சேமித்து வைத்து மீண்டும் பயன்படுத்துவது).
ரெஸ்டில் ஈடேக் (தரவின் பதிப்பைக் காட்டும் அடையாளம்) வைத்தால், தரவு மாறாதபோது 'மாறவில்லை' என்று சொல்லும் 304 மட்டும் போகும். கிராஃப்கியூஎல் வழக்கமாக ஒரே முகவரிக்கு போஸ்ட் அனுப்புவதால் இந்த வசதி சும்மா கிடைக்காது.

பின்சேர்க்கை: பிரவுசரிலிருந்து ஜிஆர்பிசியை அழைத்தால் வேலை செய்யவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். நேரடியாக முடியாது, ஜிஆர்பிசிக்குத் தேவையான எச்டிடிபி 2-இன் ஃபிரேம்களை (தரவுத் துண்டுகளை) நேரடியாகக் கையாள பிரவுசர் அனுமதிப்பதில்லை. ஜிஆர்பிசி-வெப் (பிரவுசருக்கான ஜிஆர்பிசி வடிவம்), நடுவில் அதை மாற்றித் தர என்வாய் மாதிரி ஒரு பிராக்ஸி (இடைநிலை சர்வர்) என்று வைக்க வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காக பிராக்ஸி நிறுவுவதாக இருந்தால், வெளியே ரெஸ்ட், உள்ளே ஜிஆர்பிசி என்று பிரித்துவிடுங்கள். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.