போலீஸ்காரர் மேல புகார் கொடுக்கணுமா? முதலில் ஏ.ஆர். காப்பி வாங்குங்கள்

எங்கள் சித்தப்பா மகன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவன். ஒரு ராத்திரி வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். ஆர்.சி. புக் எங்கே என்று ஆரம்பித்த பேச்சு எப்படியோ முற்றி, ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் நாலு அறையும் லத்தியில் ரெண்டும் கொடுத்து, விடியற்காலையில் "கேஸ் போட்டா உன் போலீஸ் வேலை அவ்வளவுதான், பேசாம போய்டு" என்று அனுப்பிவிட்டார்கள். காதுவலி தாங்காமல் மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவன், பயத்தில் டாக்டரிடம் "வண்டில இருந்து விழுந்துட்டேன்" என்று சொன்னான். பத்து நாள் கழித்து மனசு ஆறாமல் புகார் கொடுக்கப் போனபோது, கையில் இருந்த ஒரே காகிதம் அவனுக்கே எதிராக இருந்தது.

அவன் கதையில் இருந்து நான் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை. நான் வக்கீல் இல்லை, காயம் பெரிது, கைது செய்திருக்கிறார்கள் என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஒரு வக்கீலைப் பிடியுங்கள்.

முதல் வேலை ஆஸ்பத்திரி. தனியார் கிளினிக் வேண்டாம், அரசு மருத்துவமனை. அடிதடி என்று போனாலே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அதைத்தான் ஏ.ஆர். என்பார்கள். டாக்டர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யார் அடித்தார்கள், தெரிந்த ஆளா தெரியாத ஆளா, எங்கே, எத்தனை மணிக்கு, எதால்? இந்த இடத்தில்தான் பல பேர் சறுக்குகிறார்கள். "போலீஸ் அடிச்சாங்க, இந்த ஸ்டேஷன்ல, ராத்திரி பதினோரு மணிக்கு, ரெண்டு பேர், லத்தியால" என்று சொல்லுங்கள், அவர் எழுதும்போது கூடவே நில்லுங்கள், எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். நம்ம ஊரில் கைதானவர் எல்லாம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு போட்டோவில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த வழுக்கலை நீங்களே எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள், காயங்களைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள்.

கைதாகி மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கிறவருக்கும் இதேதான். கைதான 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் நீங்கலாக) ஆஜர்படுத்தியாக வேண்டும். அங்கே "ஏதாவது சொல்லணுமா" என்று கேட்கும்போது, பக்கத்தில் நிற்கும் போலீஸைப் பார்க்காமல் வாயைத் திறந்து காயத்தைக் காட்ட வேண்டும். சொன்னால் பதிவாகும், மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவு கேட்கலாம். சொல்லாமல் விட்டால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வி கடைசி வரைக்கும் கூடவே வரும்.

இரண்டாவது, சிசிடிவி. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வைக்கச் சொன்னது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த அளவுக்குக் கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்றது. தாளில் அப்படி. அதே வருடம் ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்டுத் தந்தையும் மகனும் இறந்தபோது விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் என்ன எழுதினார் தெரியுமா? ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி செட்டிங் வைத்திருந்தார்கள் என்று. அதனால் புகாரை அழகாக எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். சம்பவம் நடந்த மறுநாளே நாலு வரியில் ஒரு கடிதம்: "இன்ன தேதி இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை இந்தக் காவல் நிலைய வாசல், வரவேற்பு, லாக்கப், பின்பக்கக் கேமராப் பதிவுகளை அழியாமல் பாதுகாக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்கு, தபாலிலும் மெயிலிலும் இரண்டிலும் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், கவுண்டரில் ஒப்புகையோடு வேண்டும் என்று கேட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் பதிவு இல்லை என்று கைவிரித்தால், நீங்கள் கேட்ட பிறகு அது காணாமல் போனது என்று காட்ட அந்த ரசீதுதான் இருக்கும்.

இப்போது புகார் மனு. "காட்டுமிராண்டித்தனமாக", "மனிதாபிமானமற்ற முறையில்" என்றெல்லாம் அடுக்க வேண்டாம். மணி, இடம், யார் என்ன செய்தார், என்ன சொன்னார், யார் பார்த்தார், அவ்வளவுதான். பெயர் தெரியாவிட்டால் நெஞ்சில் இருந்த பெயர்ப்பட்டையில் ஞாபகம் இருக்கும் எழுத்து, தோளில் எத்தனை நட்சத்திரம், ஜீப் நம்பர். மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் புதன்கிழமை மனு வாங்குவார்கள், நேரில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். சம்பந்தப்பட்ட ஸ்டேஷனிலேயே கொடுப்பதாக இருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்ததைப் பதிவு செய்ததற்கான சீட்டு) வாங்காமல் படியிறங்காதீர்கள். பிடியில் இருந்து விடத் தெளிவாக லஞ்சம் கேட்டார்கள் என்றால் அது வேறு வழி, லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள், அதுவும் பணம் கைமாறுவதற்கு முன்னால்.

அப்புறம் நடக்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் மனு சுற்றிச் சுற்றி அதே உட்கோட்ட டி.எஸ்.பி.க்கோ, சில நேரம் அதே ஸ்டேஷனுக்கோ விசாரணைக்கு வரும். கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுப்பார்கள். "தம்பி சின்ன வயசு, அவருக்கும் குடும்பம் இருக்கு" என்பார்கள். வாக்குமூலம் ஒன்று எழுதி நீட்டுவார்கள். மேலே எல்லாம் சரியாகத்தான் இருக்கும், கடைசி வரியைப் பாருங்கள்: "இதன் மீது மேல் நடவடிக்கை தேவையில்லை எனத் தெரிவித்துக்கொள்கிறேன்." அந்த வரியில் கையெழுத்துப் போட்டால் மனு முடிக்கப்பட்டது என்று ஃபைலை மூடிவிடுவார்கள். அந்த வரியை அடித்து நீக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கைப்படவே வாக்குமூலம் எழுதிக்கொடுங்கள்.

இன்னொன்று, "அவரை ஏ.ஆர்.க்கு மாத்தியாச்சு, திருப்திதானே?" என்பார்கள். ஆயுதப்படைக்கும் ஏ.ஆர். என்றுதான் பெயர், அடி வாங்கினவனுக்கு ஒரு ஏ.ஆர்., அடித்தவருக்கு ஒரு ஏ.ஆர். மாற்றமோ காத்திருப்போர் பட்டியலோ தண்டனை இல்லை, சில மாதத்தில் வேறு ஸ்டேஷனில் அதே நாற்காலி கிடைக்கும். போலீஸாருக்கான 1955-ஆம் வருடத்து ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 3பி பிரிவில் குற்றக் குறிப்பாணை கொடுத்து விசாரித்தால்தான் பெரிய தண்டனை, அதாவது பதவிக் குறைப்பு, கட்டாய ஓய்வு, பணிநீக்கம் எல்லாம் வர முடியும். போலீஸ்காரர்கள் உண்மையில் பயப்படுவது இந்த "த்ரீ பி"க்குத்தான், அது நிலுவையில் இருந்தால் பதவி உயர்வே சிக்கலாகிவிடும். எனவே மனுவின் கடைசிப் பத்தியில் "தக்க நடவடிக்கை" என்று மட்டும் எழுதாமல், 3பி-யின் கீழ் நடவடிக்கையும் குற்ற வழக்குப் பதிவும் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உள்ளூரில் நகரவில்லை என்றால் மாநில மனித உரிமை ஆணையம். கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம், ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பிவைப்போம் என்று நினைக்காதீர்கள், ஒன்றில் இருப்பதை இன்னொன்று தொடாது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது, அதனால் இழப்பீட்டு உத்தரவுக்கு இப்போது கொஞ்சம் பல் முளைத்திருக்கிறது. போலீஸ் புகார் ஆணையம் என்று ஒன்றும் உண்டு. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதியைத் தலைவராகப் போடச் சொன்னது. இங்கே 2013-இல் வந்த சட்டத்தில் மாநில அளவில் உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். மாமியாரிடமே மருமகள் புகார் சொல்வது மாதிரிதான், இருந்தாலும் ஆட்சியருக்கு ஒரு நகல் அனுப்புவதில் நஷ்டம் இல்லை.

எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173(4)-இன்படி எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பி, அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். எதிர்த்தரப்பு அரசு ஊழியர் என்பதால் கோர்ட் மேலதிகாரியின் அறிக்கையையும் அவர் தரப்பு விளக்கத்தையும் கேட்கும், இழுக்கும். இந்தக் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

சரி, "போலீஸ் வேலை அவ்வளவுதான்" என்ற மிரட்டலுக்கு வருகிறேன், இது வெறும் வாய்ச்சவடால் இல்லை என்பதுதான் கொடுமை. சீருடைப் பணியாளர் தேர்வில் ஆணுக்கு 170 செ.மீ. உயரம் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 167), மார்பளவு, 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடுவது எல்லாம் தாண்டினாலும் கடைசியில் போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கிறது. சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனாலும், புகார் கொடுத்தவரே பிறழ்சாட்சியாகி விடுதலை ஆனாலும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று பணி விதி சொல்கிறது, 2008-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதை ஏற்றுக்கொண்டது. உள்ளே நுழைய வருகிற பையனிடம் இவ்வளவு கறார். உள்ளே போய்விட்டவரின் லத்திக்கு ஆயுதப்படை மாற்றம்.

அதனால் வேலைக்கு முயற்சி செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: "75 போட்டிருக்கேன், கோர்ட்ல ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போ" என்று பெட்டி கேஸில் சொல்வார்கள் (75 என்பது சிட்டி போலீஸ் சட்டத்தில் பொது இடத்தில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்வதற்கான பிரிவு). சில நூறு ரூபாயில் முடிகிறதே என்று ஒத்துக்கொண்டால் அது குற்ற ஒப்புதல், வெரிஃபிகேஷனில் வந்து நிற்கும். விண்ணப்பத்தில் வழக்கு இருக்கிறதா என்ற கட்டத்தில் மறைக்கவும் கூடாது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, உண்மையை எழுதினாலும் சேர்ப்பதும் விடுவதும் துறையின் முடிவுதான். ஆனால் சின்ன வழக்கு என்றால் மன்னிக்க இடம் உண்டு. மறைத்து மாட்டினால், சின்ன வழக்குக்கும் மறைத்ததே பெரிய காரணமாகிவிடும். தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கோர்ட்டில் விண்ணப்பித்து வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

மூன்று மாதம் ஆகியும் புகாருக்குப் பதில் இல்லையா? ஆர்.டி.ஐ. போடுங்கள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். அந்த எஸ்.ஐ.யின் பணிப்பதிவேட்டைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று திருப்பிவிடுவார்கள். உங்கள் மனுவைப் பற்றியே கேளுங்கள்: மனு எண் இன்னது, விசாரித்த அதிகாரியின் பதவி என்ன, அறிக்கை எந்தத் தேதியில் வந்தது, அதன் நகல் வேண்டும், 3ஏ (சிறு தண்டனைக்கானது) அல்லது 3பி குறிப்பாணை வழங்கப்பட்டதா, ஆம் என்றால் தேதி என்ன. முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும், அங்கேயும் வராவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள், எங்கள் பையன் இரண்டாவது தேதியைத் தவறவிட்டான்.