கட்டடத் தொழில்களில் எதைக் கற்பது? பள்ளி முடித்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த சில நாள்களுக்குள், சென்னையின் பல வீடுகளில் ஒரு பிள்ளையின் தொழில் ஒரே மாலையில் முடிவாகிவிடுகிறது. மாமா கம்பி கட்டும் வேலையில் இருக்கிறார் என்பதோ, பக்கத்துத் தெரு மேஸ்திரி “என்னோடு அனுப்புங்கள்” என்று சொன்னார் என்பதோ அதற்குப் போதுமான காரணமாகிவிடுகிறது. பதினேழு ஆண்டுகளாகக் கட்டடப் பணியிடங்களில் மேற்பார்வையாளராக இருந்துவரும் நான், இரண்டு ஆண்டுகளுக்குள் வேலையை விட்டுச் சென்ற இளைஞர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் திறமை இல்லாதவர்கள் மிகக் குறைவு. தமக்குப் பொருந்தாத தொழிலில் நிறுத்தப்பட்டவர்களே அதிகம்.

எல்லாவற்றினும் அதிகம் நடக்கும் தவறு, முதல் சனிக்கிழமைக் கூலியை வைத்துத் தொழிலை எடைபோடுவது. சென்ட்ரிங், அதாவது கான்கிரீட்டுக்கு அச்சுப்பலகை அடிக்கும் குழுவில் பலகை தூக்கும் இளைஞனுக்கு முதல் வாரமே கையில் கணிசமான தொகை வந்துவிடும். எலக்ட்ரீஷியனிடம் உதவியாளாகச் சேர்ந்தவன் சுவரை வெட்டிக் குழாய் பதித்துக்கொண்டு அதைவிடக் குறைவாகவே வாங்குவான். அந்த வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுக்கும் குடும்பங்கள், அந்தத் தொழிலில் பணம் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்பதில்லை. கொத்தனாருக்குப் பெரும்பாலும் நாள் கூலி. கம்பி வேலை டன் கணக்கு. சென்ட்ரிங், பெயிண்டிங், டைல்ஸ் ஆகியவை சதுர அடிக் கணக்கு. வயரிங் பாயின்ட் கணக்கு, அதாவது விளக்கு, ஸ்விட்ச் போன்ற ஒவ்வோர் இணைப்பிடத்துக்கும் இவ்வளவு என்று. பிளம்பிங் பல இடங்களில் குளியலறைக் கணக்கு. நாள் கூலியில் இருப்பவரின் வருமானம் ஓரளவுக்கு மேல் உயர வேண்டுமானால், அவர் தாமே ஆள் வைத்து ஒப்பந்தம் எடுக்க வேண்டும். அளவுக் கணக்கில் இருப்பவருக்குக் கைவேகமும் சுத்தமும் கூடக்கூட வருமானமும் கூடும், ஆனால் உடல் தளர்ந்தால் அதே வேகத்தில் குறையும். எனவே கேட்க வேண்டிய கேள்வி, அந்தத் தொழிலில் நாற்பத்தைந்து வயதில் இருப்பவர் இன்று என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதே. அவர் இன்னமும் பலகை தூக்குகிறாரா, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பேருக்கு வேலை சொல்கிறாரா என்பதை நேரில் சென்று பார்த்துவிடலாம்.

இதனுடன் ஆண்டில் எத்தனை நாள் வேலை என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் கடைக்கால் குழிகளில் தண்ணீர் நிற்கும், வெளிப்பூச்சும் வெளிச்சுவர்ப் பெயிண்டிங்கும் நின்றுபோகும். ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டு வேலை தொடங்கப் பலரும் தயங்குவார்கள். ஆனால் கூரை போட்டுவிட்ட கட்டடத்திற்குள் வயரிங், டைல்ஸ், பிளம்பிங், மர வேலை ஆகியவை மழையிலும் நடக்கும். அதுமட்டுமன்றி, குழாய் ஒழுகுவதும் மோட்டார் பழுதாவதும் புதுக் கட்டடங்கள் எழாத ஆண்டிலும் நிற்பதில்லை. பழுதுபார்ப்புக்கு இடமுள்ள தொழிலுக்கும் புதுக் கட்டடத்தை மட்டுமே நம்பிய தொழிலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை எந்த மேஸ்திரியும் தானாக முன்வந்து சொல்லமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்த தவறு, தொழிலின் பெயரைக் கேட்டே முடிவு செய்வது. தச்சு என்றால் இழைப்புளியும் உளியும் மனத்தில் வரும். சென்னையின் அடுக்குமாடிகளில் தச்சர் என்று அழைக்கப்படுபவர்களில் ஒரு பகுதியினர் கான்கிரீட்டுக்கு அச்சுப்பலகை அடிப்பவர்கள், இன்னொரு பகுதியினர் தொழிற்கூடத்தில் வெட்டி வந்த பிளைவுட் பெட்டிகளைச் சமையலறையில் பொருத்துபவர்கள். மரத்தை நேசித்து அந்தத் தொழிலுக்கு வந்த ஒரு பையன், ஆறு மாதம் முழுக்க ஆணி பிடுங்கியதைத் தவிர வேறு எதையும் கற்கவில்லை என்று என்னிடம் சொன்னபோது, அவனைத் தேற்ற எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. வெல்டிங்கிலும் ஜன்னல் கிரில் அடிப்பது ஒரு வேலை, அழுத்தக் குழாய் இணைப்பது முற்றிலும் வேறு வேலை.

உடலைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் தவறுதான், அதுவும் பின்னால் வருந்த வைக்கும் தவறு. உயரத்தில் தலை சுற்றுபவர் சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்ய முடியாது. ஈரச் சிமென்ட் சிலருடைய தோலில் அரிப்பையும் வெடிப்பையும் உண்டாக்கும். அப்படிப்பட்டவருக்குக் கையுறை ஓரளவே உதவும். டைல்ஸ் ஒட்டுபவர் நாள் முழுவதும் முழங்காலில் இருக்கிறார். கிரானைட்டையும் டைல்ஸையும் உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிவிடும், அந்தப் பாதிப்பு திரும்பச் சரியாவதில்லை. தண்ணீர் விட்டு அறுக்கும் பழக்கம் உள்ள குழுவில்தான் சேர வேண்டும். வெல்டிங் ஒளியைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தவரின் கண்ணில் இரவில் மணல் கொட்டியது போல் உறுத்தும். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பிகள், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று நிறத்தை வைத்தே வேலை நடக்கும் வயரிங் தொழிலுக்கு நிறக்குருடு உள்ளவர் செல்வது தமக்கும் பிறருக்கும் ஆபத்து. கண் பரிசோதனையில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும் இதை, சேர்வதற்கு முன் பார்த்துக்கொள்பவர்கள் அரிது.

சான்றிதழ் எதற்கு, கைத்தொழில் கையில் இருந்தால் போதும் என்ற நினைப்பு கொத்து வேலைக்கு ஓரளவு பொருந்தலாம்; மின்சார வேலைக்குச் சிறிதும் பொருந்தாது. மின்கம்பியாள் தகுதிச் சான்றிதழைத் தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. அது இல்லாதவர் எத்தனை ஆண்டு அனுபவம் பெற்றிருந்தாலும் இன்னொருவரின் உரிமத்தின் கீழேயே வேலை செய்துகொண்டிருப்பார். தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு ஆண்டு. பிளம்பர், வெல்டர் போன்றவை ஓராண்டு. பத்தாம் வகுப்புடன் இரண்டாண்டுப் பிரிவை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பேருந்து அட்டையும் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் கீழ் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. இவற்றை விசாரிக்காமல், வேலை உறுதி என்ற விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்கித் தனியார் பயிற்சி மையத்தில் பணம் கட்டியவர்கள், அந்த மையத்தின் சான்றிதழுக்கு அரசின் அங்கீகாரம் இல்லை என்பதைப் படிப்பு முடிந்த பிறகு அறிகிறார்கள்.

பெண் பிள்ளைகளை இந்தப் பேச்சிலிருந்தே விலக்கிவிடுவதை நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். சென்னையில் பெண்கள் இல்லாமல் ஒரு வீடும் எழுந்ததில்லை. செங்கல்லும் கலவையும் அவர்கள் தலையில்தான் மாடி ஏறுகின்றன. ஆனால் சித்தாளாக, அதாவது சுமை தூக்கும் உதவியாளாக வந்த பெண் இருபது ஆண்டுக்குப் பிறகும் சித்தாளாகவே இருக்கிறார், அதே நாளில் பெரியாள் என்று அழைக்கப்படும் ஆண் உதவியாளாக வந்தவர் மூன்று நான்கு ஆண்டுகளில் பூச்சுக் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிவிடுகிறார். சுமை தூக்குவதற்குத் தகுதியான உடல், சுமை தூக்குவதைவிட இலகுவான பூச்சு வேலைக்குத் தகுதியில்லை என்று சொல்வதில் எந்த நியாயமும் இல்லை. கரண்டியைக் கையில் கொடுக்க எவரும் முன்வரவில்லை என்பதே உண்மை. பள்ளி முடித்த பெண் பணியிடத்தின் வழியாக நுழையாமல், பயிற்சி நிலையத்தின் வழியாகச் சான்றிதழுடன் நுழைந்தால் இந்தத் தடையைத் தாண்ட வழி பிறக்கும். கிண்டியில் பெண்களுக்கென்றே அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. வயரிங், கட்டட வரைபடம், பிளம்பிங் ஆகிய எவற்றிலும் ஆண் உடலுக்கு மட்டுமே உரிய வேலை என்று ஒன்றும் இல்லை.

இன்றைய பொருளை மட்டும் கற்று நிற்பதும் ஆபத்தானது. செங்கல் இருந்த இடத்தில் காற்றுக் குமிழ்கள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்லான ஏஏசி பிளாக், சிமென்ட் உள்பூச்சு இருந்த இடத்தில் ஜிப்சம், பலகை சென்ட்ரிங் இருந்த இடத்தில் அலுமினிய அச்சு, பணியிடத்தில் கலந்த கான்கிரீட் இருந்த இடத்தில் லாரியில் வரும் ரெடிமிக்ஸ் என்று ஒவ்வொன்றாக மாறிவருவதைப் பழைய மாமல்லபுரம் சாலையின் ஓரத்து எந்த உயரக் கட்டடத்திலும் காணலாம். அலுமினிய அச்சு வந்த பணியிடத்தில் சுவரையும் கான்கிரீட்டிலேயே வார்த்துவிடுவதால், சுவர் கட்டும் கொத்தனாருக்கே வேலை குறைந்துவிட்டது. ஆனால் வரைபடம் படிக்கத் தெரிந்தவருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலில் மட்டம் பார்த்துத் தூக்குக்குண்டில் செங்குத்துப் பார்த்து, கழிவுக் குழாய்க்கு வாட்டம் கொடுக்கத் தெரிந்தவருக்கும் எந்தப் பொருள் வந்தாலும் இடம் இருக்கிறது. ஆகவே சேரவிருக்கும் குழுவில் மூன்று மாதத்திற்குள் அளவுநாடாவையும் மட்டப்பலகையையும் கையில் தருவார்களா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். தேநீர் வாங்கி வரவும் மணல் சலிக்கவும் மட்டுமே ஆள் தேடும் மேஸ்திரியிடம், அவர் உறவினரே ஆனாலும், ஓராண்டுக்கு மேல் இருப்பது வீண்.

பதினெட்டு வயது நிறைந்ததும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் விடுவதும் பரவலாக நடக்கிறது. 1994-இல் அமைந்த அந்த வாரியத்தில் 60 வயது வரையுள்ளவர்கள் பதியலாம். விபத்து, திருமணம், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றுக்கான உதவிகளும் பின்னாளில் ஓய்வூதியமும் அதன் வழியாகவே வருகின்றன.

இறுதியாக ஒன்று. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான விண்ணப்பமும் பிரிவைத் தேர்ந்தெடுப்பதும் இணையவழியில் நடக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் அதை ஒரு கணினி மையத்தில் கொடுத்து நிரப்புகிறார்கள். வரிசையில் பலர் நிற்கும் அவசரத்தில், மையத்தில் இருப்பவர் தமக்குப் பழக்கமான பிரிவுகளை முன்னால் போட்டுவிடுவதும், பிள்ளை பார்க்காமலேயே தலையாட்டுவதும் உண்டு. வரிசைப்படுத்திய பிரிவுகளை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சமர்ப்பிக்கும் முன் திரையில் ஒவ்வொரு வரியையும் நீங்களே படித்துப் பாருங்கள். அச்சிட்ட நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.